காதுக்குக் கண்ணாடி கிடையாது

பள்ளிபாளையத்தில் என் பெரியப்பா வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குக் கீழே ஒரு மாடம் உண்டு. விபூதித் தட்டு, தீப்பெட்டி, கரண்ட் பில் அட்டை, பழைய ரேஷன் கார்டு இவற்றுக்கு நடுவில் இரண்டு வருஷமாக ஒரு சின்ன நீலப் பெட்டி கிடந்தது. உள்ளே பஞ்சில் பதித்த காது மெஷின். விலை பதினெட்டாயிரம். அதை அவர் போட்டிருந்த நாட்களை எண்ணினால் பதினெட்டு தேறுமா என்பது சந்தேகம்.

"ஏன் பெரியப்பா, போடறதே இல்லீங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"அது சத்தத்தக் குடுக்குது கண்ணு. பேச்சக் குடுக்க மாட்டேங்குது."

முப்பத்தைந்து வருஷம் விசைத்தறி ஓட்டியவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். செவிப்புலன் பற்றிய பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

வீட்டிலிருந்த மற்றவர்களிடம் வேறு விளக்கங்கள் இருந்தன. "அவருக்கு வேண்டியது மட்டும் நல்லாக் கேக்கும்" என்றார் பெரியம்மா. மெஷின் டூப்ளிகேட் என்பது அண்ணனின் முடிவு. இன்னும் விலை கூடினதாக வாங்கியிருக்க வேண்டும் என்றார் அண்ணி. பக்கத்து வீட்டுக்காரரோ, அதைப் போட்டால் இருக்கிற காதும் போய்விடும் என்று சத்தியம் செய்தார். நான்கு பேர் சொன்னதும் தவறு. ஆனால் நான்கு தவறுக்கும் வேர் ஒன்றுதான்: கண் மங்கினால் கண்ணாடி, காது மங்கினால் மெஷின் என்ற ஒப்புமை.

கண்ணாடி என்ன செய்கிறது? கண்ணுக்குள் நுழையும் ஒளி விழித்திரையில் குவியாமல் முன்னேயோ பின்னேயோ குவிகிறது. லென்ஸ் அதை வளைத்து உரிய இடத்தில் சேர்க்கிறது. விழித்திரை நன்றாக இருப்பதால், கண்ணாடியை மாட்டிய கணமே பஸ் போர்டு தெளிவாகத் தெரிகிறது. காதிலும் இந்த வகைக் கோளாறு உண்டு. குறும்பி அடைத்துக்கொள்வது, செவிப்பறையில் ஓட்டை விழுவது, நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது, அங்கிருக்கும் மூன்று குட்டி எலும்புகள் இறுகிப்போவது எல்லாம் வழியில் விழும் தடைகள். இவற்றில் பலவற்றை மருந்தோ சிறு அறுவை சிகிச்சையோ சரிசெய்துவிடும். முடியாதபோது மெஷின் போட்டால், அது கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரியே வேலை செய்யும். ஒலியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் போதும், உள்ளே இருப்பது எல்லாம் நலம்.

வயதாலும் இரைச்சலாலும் வரும் மந்தம் இந்த வகை அல்ல. அங்கே பழுதாவது விழித்திரைக்குச் சமமான பாகம்.

அந்தப் பாகத்தின் பெயர் காக்ளியா. நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும், பட்டாணி அளவு. சுருளைப் பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர், சுண்டுவிரலில் பாதி. இதன் வாசலருகே கீச்சென்ற ஒலிகளுக்கும் உள்முனையில் கனத்த ஒலிகளுக்கும் இடம், ஹார்மோனியக் கட்டைகளை வரிசையாக அடுக்கியதுபோல. ஒலி நுழைந்ததும் உள்ளே ஓர் அலை ஓடி, தனக்குரிய இடத்தில் எழும்பி அடங்குகிறது. இறந்தவர்களின் காதுகளை எடுத்து இந்த அலையைக் கண்டு அளந்தவர் ஜார்ஜ் வான் பெக்கெசி. அதற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் கண்ட அலை மழுங்கலாக, அகலமாக இருந்தது. அடுத்தடுத்த இரண்டு சுரங்களைப் பிரித்தறியும் காதுக்கு அவ்வளவு மழுங்கிய அலை போதாதே!

விடை, உயிருள்ள காதில் இருந்தது. காக்ளியாவில் இரண்டு வகை மயிர்ச்செல்கள் உண்டு. உள்வரிசையில் சுமார் 3,500. கேட்ட செய்தியை மூளைக்கு அனுப்புவது பெரும்பாலும் இவைதான். வெளிவரிசையில் சுமார் 12,000. இவை ஒலிக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் ஆடி, மெல்லிய அலைகளைத் தள்ளிவிட்டுப் பெரிதாக்குகின்றன, முனையைக் கூராக்குகின்றன. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல என்று சொல்லலாம். 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் காதுத் துளையில் நுண்ணிய மைக் வைத்துப் பார்த்தபோது, காதிலிருந்தே ஒலி திரும்பி வருவதைப் பதிவு செய்தார். காது கேட்பது மட்டுமல்ல, மெல்ல முனகவும் செய்கிறது. பிறந்த குழந்தையின் காதில் இன்று ஒரு சின்ன முனையை வைத்துச் சோதிக்கிறார்களே, அது அந்த முனகலைத்தான் தேடுகிறது.

இரைச்சலில் முதலில் மடிவது இந்த வெளிச்செல்கள். மடிந்தால் நம் உடலில் மீண்டும் முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும். 1980களின் கடைசியில் ஆய்வாளர்கள் இதைக் கண்டு வியந்தார்கள், மனிதக் காதிலும் முளைக்கவைக்க முடியுமா என்ற முயற்சி இன்றுவரை நடக்கிறது. ஆகவே பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றி நரம்பைத் தட்டி எழுப்பலாம் என்று யாராவது சொன்னால், எண்ணெயைத் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது சீழில் கொண்டுபோய் விடும்.

விசைத்தறிப் பட்டறைக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது பல நாடுகளின் பாதுகாப்புக் கணக்கு. பட்டறையில் 97 என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரம்தான். பெரியப்பாவின் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். நாடா ஒவ்வொரு முறை அடித்துத் திரும்பும்போதும் அந்த 12,000 பேரில் யாராவது கொஞ்சம் தளர்ந்திருப்பார்கள்.

அவர்கள் போனதும் என்ன ஆகிறது என்பதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். பெரியம்மா சமையலறையிலிருந்து, "ஏனுங்க, காப்பி ஆறுது" என்பார். பதில் இருக்காது. இன்னொரு தடவை, கொஞ்சம் உயர்த்தி. "ஆ?" மூன்றாவது தடவை, தெருவுக்கே கேட்கும்படி. "எதுக்குப் புள்ள இப்படிக் கத்தற? எனக்கென்ன செவிடா?" பெரியம்மாவுக்கு இது வம்பாகத் தெரிகிறது. இது இயற்பியல். வெளிச்செல்கள் பெரிதாக்கிக் கொடுப்பது மெல்லிய ஒலிகளை மட்டும். உரத்த ஒலிகளுக்கு அவற்றின் தயவு ஏற்கெனவே தேவையில்லை. எனவே அவை அழிந்தபின் கிசுகிசுப்பு கேட்காது, கத்தல் மட்டும் இளவயதுக்காரனுக்குக் கேட்கிற அதே உரப்பில் கேட்கும். நல்ல காதுக்குக் கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் வலிக்கத் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் நூறு டெசிபல் இடம் இருக்கிறது. பெரியப்பாவுக்குச் சில ஒலிகளில் முப்பதுதான் மிச்சம். தரை உயர்ந்துவிட்டது, கூரை அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது இழப்பு இன்னும் கொடியது. கூர்மை போகிறது. அடுத்தடுத்த ஒலிகள் ஒன்றோடொன்று கசிகின்றன. பெக்கெசி இறந்த காதில் கண்ட அந்த மழுங்கல், உயிருள்ளவரின் காதில் பாதி வந்துவிடுகிறது. சத்தம் இருக்கும், பேச்சு இருக்காது.

போன வருஷம் அவரை ஈரோட்டில் ஒரு ஆடியாலஜிஸ்ட்டிடம் அழைத்துப்போனோம். சின்ன, சத்தம் புகாத அறை. ஹெட்போனை மாட்டி, கீச்சு ஒலிகளை ஒவ்வொன்றாக விட்டு, கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார் அந்தப் பெண். முடிந்து காகிதத்தை நீட்டியதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "எத்தன பர்சென்ட்டுங்க போச்சு?"

அந்தக் கேள்விக்கு விடை இல்லை. டெசிபல் விழுக்காடு அல்ல, படிக்கட்டு. பத்துப் படி ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு, அறுபது ஏறினால் பத்து லட்சம் மடங்கு. பெரியப்பாவின் வலது காது 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபலில் கேட்டது. அது ஏறக்குறைய இயல்பு. 1000இல் 25. 2000இல் 45. 4000இல் 70. அதற்கு மேல் 8000இல் 55 என்று கொஞ்சம் மீண்டது. 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், பிறகு மேடு: தறிக்காரர், வெடிக்காரர், துப்பாக்கி பிடித்தவர் காதுகளில் இரைச்சல் போடும் கையெழுத்து இது. அங்கே நல்ல இளங்காது கேட்கும் மிக மெல்லிய ஒலியைவிட ஒரு கோடி மடங்கு ஆற்றல் இருந்தால்தான் அவர் விரலைத் தூக்குகிறார். முதல் நான்கு எண்களையும் கூட்டிச் சராசரி போட்டால் 40 வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மிதமான குறை. சராசரி அப்படித்தான் ஏமாற்றும். ஒரு கால் ஐஸிலும் ஒரு கால் அடுப்பிலும் இருப்பவர் சராசரியாகச் சௌக்கியமாக இருக்கிறார்.

எந்த இடத்தில் பள்ளம் என்பதுதான் முக்கியம். ஏனென்றால் பேச்சு அங்கே குடியிருக்கிறது. நம் இலக்கணக்காரர்கள் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தார்கள். ஒலியின் பலமெல்லாம் உயிரெழுத்துகளிடம்: ஆ, ஓ, ஊ எல்லாம் உரமாக, தாழ்ந்த அதிர்வெண்களில் வருகின்றன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரிக்கும் வேலையில் பெரும்பங்கு மெய்யெழுத்துகளிடம், அவையோ நோஞ்சான்கள். சட்டை, கட்டை, தட்டை, பட்டை: இந்த நான்கையும் வேறாக்குவது முதல் மெய். அதன் ஆயுள் ஒரு நொடியில் நூறில் சில பங்கு. 'ச'வின் சீறல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. சட்டை எங்கே என்று பேத்தி கேட்டால் பெரியப்பாவுக்கு '–ட்டை எங்கே' என்று போய்ச் சேர்கிறது. மிச்சத்தை அவர் ஊகிக்கிறார். சில நேரம் சட்டை, சில நேரம் முட்டை. வீடு சிரிக்கிறது. அவரும் கூடச் சிரித்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறார்.

'வேண்டியது மட்டும் கேட்கும்' என்ற குற்றச்சாட்டுக்கு இப்போது வரலாம், ஏனென்றால் வீடுகளில் காதைவிட மனத்தை அதிகம் புண்படுத்துவது இதுதான். தறி ஓனர் வந்து எதிரில் உட்கார்ந்து, கனத்த குரலில், முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். பெரியப்பாவுக்கு எல்லாம் கேட்கிறது, உதட்டையும் பார்க்கிறார். பெரியம்மா சமையலறையில் முதுகைக் காட்டி நின்று, குழாய் ஓடும்போது, மெல்லிய குரலில் பேசுகிறார். பெண்குரலும் குழந்தைக்குரலும் உயர் அதிர்வெண்ணில் சாய்ந்தவை, அவருடைய பள்ளத்தில் நேராக விழுகின்றன. ஓனர் பேச்சு கேட்கிறது, மனைவி பேச்சு கேட்கவில்லை. நாற்பது வருஷக் குடும்பத்தில் இதற்கு என்ன பொருள் எடுத்துக்கொள்ளப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் மெஷின் ஏன் தோற்றது? வாங்கிய கடையில் காதில் மாட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதுங்களா?" என்றார்கள். கேக்குது என்றார். உண்மைதான். சத்தம் கேட்டது. அவருக்கு உதவியே தேவைப்படாத தாழ்ந்த ஒலிகளையும் சேர்த்து அது தூக்கிக் கொடுத்தது. ஃபேன் இரைச்சல், மோட்டார் உறுமல், பஸ். இங்கே ஒரு கொடுமையான விதி உண்டு: உரத்த தாழ்ந்த ஒலி, மேலே இருக்கும் மெல்லிய உயர் ஒலிகளை மூடிவிடும். மெஷின் போட்டதால் பேச்சு இன்னும் அமுங்கியது. டூப்ளிகேட் ஒன்றும் இல்லை. அவர் காதுக்கு அளவெடுக்காத சட்டை, அவ்வளவுதான்.

காது மெஷின் என்றால் குட்டி லவுட்ஸ்பீக்கர் என்ற எண்ணம் ஒருகாலத்தில் சரியாகவே இருந்தது, அதனால்தான் அது சாகமாட்டேன் என்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த கார்பன் கருவிகளும், பிறகு வந்த வால்வு கருவிகளும் வெறும் பெருக்கிகள். 1952 கடைசியில் அமெரிக்காவில் சோனோடோன் 1010 என்ற மாடல் டிரான்சிஸ்டரோடு வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கே அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்துத்தான் பிறப்பு. காது மெஷினுக்காக என்றால் காப்புரிமைக் கட்டணம் வேண்டாம் என்று பெல் ஆய்வகம் விட்டுக்கொடுத்தது. தொலைபேசி கண்ட கிரகாம் பெல் காது கேளாதோரின் ஆசிரியர் அல்லவா, அந்த மரியாதை. நம் ஊரில் பலர் நினைவில் இருப்பது சட்டைப்பையில் தீப்பெட்டியளவு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். சட்டை உரசினால் புயல் அடிக்கும். பையன்கள் ரேடியோ கேக்கறீங்களா என்று கேலி செய்வார்கள்.

1996இல் முழு டிஜிட்டல் மெஷின்கள் காதுக்குள் அடங்கும் அளவில் வந்தபின் கதை மாறியது. இப்போதைய மெஷின் ஒலியைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் மெல்லியதை நிறையத் தூக்குகிறது, நடுத்தரத்தைக் கொஞ்சம், உரத்ததைத் தொடுவதே இல்லை. எட்டு முழ வேட்டியை நான்கு முழ இடத்துக்குள் மடித்து வைப்பதுபோல. கூரைக்கு மேல் ஒலி போகாமல் ஒரு வரம்பும் உண்டு. இந்த வரம்பும் மடிப்பும் இல்லாமல் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்பவை பெருக்கிகள். பக்கத்து வீட்டுக்காரரின் பயம் அவற்றைப் பொறுத்தவரை முழுப் பொய் இல்லை: குக்கர் விசிலையும் கூட நாலு மடங்காக்கி உள்ளே விட்டால் இருக்கிற செல்லுக்கும் கேடு. காதுக்கு அளவெடுத்த மெஷினில் அந்தப் பயம் தேவையில்லை. கடைகளில் நேராக வாங்குவதே தப்பு என்றும் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், லேசான, மிதமான குறையுள்ள பெரியவர்கள் சீட்டு இல்லாமலே மெஷின் வாங்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. அங்கேயும் வரம்புகள் விதித்துத்தான் அனுமதித்தார்கள்.

பழகிப்போனால் காது சோம்பேறி ஆகிவிடும் என்பது இன்னொரு பயம். நடப்பது தலைகீழ். இரண்டு காதும் மந்தமாகி, ஒன்றில் மட்டும் மெஷின் போட்டவர்களைச் சில்மன், கெல்ஃபண்ட், சில்வர்மன் என்ற மூவர் ஆராய்ந்து 1984இல் எழுதினார்கள். மெஷின் போட்ட காது சொற்களைப் பிரித்தறியும் திறனைக் காத்துக்கொண்டது. போடாத காதில் அந்தத் திறன் வருஷப்போக்கில் சரிந்திருந்தது. பட்டினி கிடந்தது காது இல்லை, அதன் பின்னால் இருக்கும் மூளை. இரண்டு காதும் மந்தமென்றால் இரண்டு மெஷின் என்று ஆடியாலஜிஸ்ட் சொல்வதை வியாபாரம் என்று எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. எங்கள் குடும்பமும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒலி எந்தப் பக்கம் என்பதை மூளை கண்டுபிடிப்பது, ஒரு காதுக்கும் மறு காதுக்கும் அது போய்ச் சேரும் நேர வேறுபாட்டை வைத்தும்தான். அந்த வேறுபாடு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒற்றை மெஷினோடு ரோட்டைக் கடப்பவருக்கு ஹாரன் கேட்கும், லாரி எந்தப் பக்கம் என்று தெரியாது.

கடைசியில் இரண்டு வாங்கினோம். இந்த முறை அந்தப் பெண் காதுத் துளைக்குள் நூல்போல மெல்லிய குழாயை விட்டு, செவிப்பறை அருகே எந்த ஒலி எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கம்ப்யூட்டரில் அளந்து, ஆஸ்திரேலிய ஒலியியல் ஆய்வகம் ஒன்றின் சூத்திரப்படி 500ஐ விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் தூக்கினார். விலையைப் பற்றி அண்ணி சொன்னாரே, அதற்கு விடையும் இந்த அரை மணி நேரத்தில்தான் இருந்தது. விலை கூடக்கூட ப்ளூடூத்தும் இரைச்சலைக் குறைக்கும் வித்தைகளும் கூடும். இந்த அளவெடுப்பு இல்லையென்றால் லட்ச ரூபாய் மெஷினும் மாடத்துக்குத்தான் போகும். வெளியே தெரியாத, துளைக்குள் மறையும் மெஷின்தான் ஒசத்தி என்பதும் விளம்பரம் கற்றுக்கொடுத்தது. அதில் பெரிய குறைகளுக்குப் பலம் போதாது, குறும்பி சீக்கிரம் அடைக்கும், அதன் பேட்டரி மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. எழுபது வயது விரல்கள் அதோடு படும் பாட்டை ஒருமுறை பார்த்தால் போதும்.

முதல் வாரம் ரொம்ப மோசம். "என் தலைய எடுத்துப் பானைக்குள்ள வுட்ட மாதிரி இருக்குது" என்றார். துளை அடைபடும்போது சொந்தக் குரல் எலும்பு வழியே வந்து உள்ளேயே முழங்கும். துளையில் பொருந்தும் முனையைக் காற்றோட்டமுள்ள மொட்டாக மாற்றியதும் குறைந்தது. பாலித்தீன் பை கசங்கினால் திடுக்கிட்டார். வாசலில் யாரோ நடக்கிறார்கள் என்று இரண்டு முறை எழுந்து பார்த்தார், அவருடைய செருப்புதான் அது. பத்து வருஷமாக மூளைக்கு வராத ஒலிகள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்து கதவைத் தட்டுகின்றன. எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று மூளை மறுபடி கற்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். வீட்டில் எதற்கு, விசேஷத்துக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்கிறார்கள். கல்யாண மண்டபம் காதுக்குக் கடைசிப் பரீட்சை: நாதஸ்வரம், ஐநூறு பேர், எவர்சில்வர் வாளி, தகரக்கூரை எதிரொலி. நல்ல காதுக்கே திணறும் இடம். பாலபாடத்தை அங்கே தொடங்கினால் மெஷின் தோற்கத்தான் செய்யும். தனி அறையில் ஒருவரோடு, பிறகு டிவியோடு, பிறகு டீக்கடையில் என்று போக வேண்டும்.

மண்டபத்தில் மெஷினைவிட நன்றாக வேலை செய்யும் ஒன்று உண்டு. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் பேச்சு 6 டெசிபல் உயர்கிறது, சுற்று இரைச்சல் அப்படியே இருக்கிறது. விலையுயர்ந்த மெஷின்களில் இரண்டு மைக்கை வைத்து முன்னால் இருப்பவர் குரலை மட்டும் பொறுக்கி எடுக்கும் வித்தைகூடச் சில டெசிபல்தான் தருகிறது. எழுந்து பக்கத்தில் போய் உட்காருவதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

கூ என்று விசிலடிப்பதைக் கோளாறு என்று நினைக்காத வீடு இல்லை. கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் வருமே, அதேதான். உள்ளே விடும் ஒலி இடுக்கு வழியே கசிந்து மைக்குக்குத் திரும்புகிறது. துளையில் பொருந்தும் அச்சு (மோல்டு) தளர்ந்திருக்கும், அல்லது குறும்பி ஒலியை மோதித் திருப்பும். பேட்டரியிலும் ஒரு வேடிக்கை. இதில் இருப்பது துத்தநாகம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் மின்சாரம். அதனால்தான் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வருகிறது. உரித்து, ஓரிரு நிமிஷம் காற்றாட விட்டு மாட்ட வேண்டும். பெரியப்பா சிக்கனக்காரர். தினமும் ராத்திரி பேட்டரியைக் கழற்றி, பத்திரப்படுத்திய ஸ்டிக்கரை மறுபடி ஒட்டி வைத்தார். பயனில்லை என்று சொன்னால், "காத்துப் போகாதுல்ல?" என்கிறார். உள்ளே போன காற்று போனதுதான் பெரியப்பா.

இவையெல்லாம் வாங்குபவர்களின் தப்பெண்ணங்கள். விற்பவர்கள் பக்கம் பரப்புவதும் ஒன்று உண்டு: மெஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும். மந்தம் உள்ளவர்களிடையே பிற்காலத்தில் டிமென்ஷியா அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுவது உண்மை. மெஷின் அதைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் சிந்தனைத் திறன் சரிவில் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 விழுக்காடு குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் பில் போடும் மேஜையில் வைத்து மிரட்டுவதற்கான செய்தி அல்ல. பேத்தியோடு பேச முடிவது போதாதா, அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

இரண்டு இடங்களில் மட்டும் அவசரம் நியாயம். ஒன்று, காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று போயிருந்தால். தண்ணீர் புகுந்திருக்கும், சளியாக இருக்கும் என்று வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் கொடுத்தால் மீள வாய்ப்பு அதிகம். இன்னொன்று, குழந்தை. "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று மூன்று வயது வரை காத்திருப்பது நம் ஊர் வழக்கம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் மெஷின் என்பது உலகம் முழுக்க நிபுணர்கள் வைத்திருக்கும் கெடு. ஆறு மாதக் குழந்தைக்கு மெஷினா என்று கேட்காத பாட்டி கிடையாது. ஆம், மாட்டலாம், மாட்டுகிறார்கள். மெஷின் போதாத குழந்தைகளுக்கு, நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யப்படுகிறது. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வருஷங்கள் சொற்பம். தாத்தா லேட்டாகப் பேசியதற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம்.

உதவி தேவைப்படும் அளவுக்கு மந்தமானவர்கள் உலகில் 43 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. அதில் ஒருவர் இப்போது திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், இரண்டு காதிலும் சாம்பல் நிறத்தில் மெஷின். எல்லாம் கேட்பதில்லை. பேத்தி வேகமாகப் பேசினால் இன்னும் முட்டைதான். ஆனால் குழாய் ஓடாத நேரத்தில், பெரியம்மா கூப்பிட்டால் முதல் தடவையிலேயே "வர்றேன்" என்கிறார். அந்த வீட்டில் அது புதிது.

போன மாதம் போயிருந்தபோது, வரப்புத் தகராறு பற்றிப் பேசப் பங்காளிகள் வந்திருந்தார்கள். பெரியம்மாவும் சேர்ந்துகொண்டு பழைய கணக்கையெல்லாம் எடுத்தார். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காதைச் சொறிவதுபோலக் கையைக் கொண்டுபோய், பேட்டரிக் கதவை நகத்தால் மெல்ல நெம்பினார். ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். மடக்கி வைத்த பேப்பரைத் திரும்ப விரித்துக்கொண்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? வேண்டியது மட்டுந்தான் கேக்கும்."

இந்த முறை என்னால் மறுக்க முடியவில்லை.